லே-யில் ஜனவரி வேலை: கம்பளி உள்ளாடை சென்னையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். சென்னையிலிருந்து எட்டு எலக்ட்ரீஷியன்கள் ஜனவரியில் லடாக்கில் இருக்கும் லே நகருக்குப் போகிறார்கள். கம்பத்தில் ஏறி கேபிள் இழுக்கும் வேலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம்; இரவில் மைனஸ் பத்துக்கும் கீழே போகும்.

பருத்தி பனியன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஏறும்போது வேர்க்கும், ஈரம் காயாது, கீழே நின்றதும் உடம்பு விறைக்கும். பாலியஸ்டர் தெர்மல் வேர்வையை வெளியேற்றும், ஆனால் மின் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உருகாத மெரினோ கம்பளிதான் (மெல்லிய இழை ஆட்டுக் கம்பளி) சரி. ஆளுக்கு இரண்டு செட், மொத்தம் 16. பாரிமுனைப் பக்கம் மொத்த விலையில் தருபவர் யாராவது உண்டா?

ஷூ எத்தனை சைஸ் பெரிதாக வாங்கலாம்? இரண்டு சாக்ஸ் போட்டு இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

கையுறைதான் பெரிய கவலை. தடியாக இருந்தால் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) திருக முடியாது. கழற்றினால் ஸ்பானர் தொட்ட விரல் மரத்துப்போகும். ரப்பர் இன்சுலேட்டிங் கையுறைக்குள் மெல்லிய கம்பளி உறை போட்டு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: பிடி வழுக்குகிறதா? ஒரு சைஸ் கூட்டணுமா?

ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குரங்குக் குல்லா போதுமா?