பழைய சின்ன லோடு வண்டி எடுத்தவர்கள் சொல்லுங்கள்: எதைப் பார்த்து எடுத்தீர்கள்?

குழாய் வேலை செய்பவர்:

சமீபத்தில்தான் ஒரு பழைய பிக்கப் எடுத்தேன். தேட ஆரம்பிக்கும் முன் நான் ஏற்றும் சாமான்களின் எடையை ஒரு தாளில் எழுதினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பலர் வண்டி பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் லோடைப் பற்றி யோசிக்கிறார்கள்.

50 கிலோ சிமெண்டு மூட்டை 20 ஏற்றினால் ஒரு டன். 1,000 லிட்டர் தொட்டியைக் காலியாகத் தூக்கி வைக்கலாம், தண்ணீரோடு வந்தால் அதுவும் ஒரு டன். மணல்தான் கண்ணை ஏமாற்றும். ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் வரும், ஈரமாக இருந்தால் அதற்கும் மேலே. வண்டித் தொட்டியில் பாதிதானே இருக்கிறது என்று மணலோடு கிளம்பினால் பின்னாடி ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும்.

வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. ஓட்டுபவர், கூட வரும் ஆட்கள், டூல்ஸ் பெட்டி எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். நான் பார்த்த ஒரு வண்டியில் முந்தைய ஓனர் கனமான இரும்புக் கூண்டு அடித்திருந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. எடை மேடையில் ஏற்றினால், காகிதத்தில் இருந்த காலி எடையைவிட 100 கிலோவுக்கு மேல் கூடுதல். அவ்வளவும் என் லோடில் குறையும். அதை விட்டுவிட்டேன்.

மெக்கானிக்:

தம்பி சொன்னது ரொம்பச் சரி. வண்டி பார்க்க என்னைக் கூட்டிப்போகிறவர்கள் போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் பின்பக்கம் போய்க் குனிவேன். எஞ்சின் போனால் இறக்கி வேலை பார்த்து ஏற்றிவிடலாம். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்துவிட்டால் அதை நேராக்கினாலும் பழைய பலம் வராது.

பின்னாடி லீஃப் பட்டையைப் பாருங்கள். காலி வண்டியில் வில் போல வளைந்து நிற்க வேண்டும். தட்டையாகிக் கிடந்தால் ஓவர்லோடு பார்த்த வண்டி. பட்டைக்கு மேலே சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது நசுங்கி, இரும்போடு இரும்பு இடித்த தடம் தெரிந்தாலும் அதே கதைதான். "கூடுதல் பட்டை போட்டிருக்கோம், நல்லா தாங்கும்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பட்டை கூடினால் சேசிஸுக்கோ, சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலுக்கோ பலம் கூடுவதில்லை.

அண்மையில் ஒரு வண்டி பார்த்தோம். ஒரே ஓனர், பெயின்ட் பளபளப்பு, ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. எடுக்க வந்தவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். பின் டயர் இரண்டிலும் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. முன்சக்கரம் என்றால் அலைன்மென்ட் என்று சொல்லலாம். பின்னால் ஒரே இரும்புக் குழலாக இருக்கும் ஆக்ஸிலில் அலைன்மென்ட் செய்ய என்ன இருக்கிறது? லோடு தாங்காமல் அந்தக் குழல் (ஹவுசிங்) நடுவில் தொய்ந்து, சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது. "டயர் மாத்தினா சரியாயிடும்" என்றார்கள். புது டயரும் அப்படியேதான் தேயும் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டேன்.

கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வெளிவரும் இடம், பட்டையைப் பிடிக்கும் பிராக்கெட், ரிவெட் ஓட்டைகள், இந்த மூன்றிலும் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். மற்ற இடமெல்லாம் தூசியாக இருந்து அங்கே மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் என்றால் கட்டாயம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு வருகிறேன். நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிப்பது பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே கசிகிறது. மூன்றாவது கியரில் வேகம் எடுத்துச் சட்டென்று காலை எடுத்தால் கியர் வெளியே விழக்கூடாது.

நாற்றுப்பண்ணை நடத்துபவர்:

அண்ணா, டயர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி.

எங்கள் லோடுக்கு எடை குறைவு, இடம்தான் அதிகம் வேண்டும். அதனால் பெரிய எஞ்சினைத் தேடவே இல்லை. ஜப்பானில் கெய் டிரக் என்ற குட்டி லோடு வண்டி வகைக்கு 660 சிசி எஞ்சின், 350 கிலோ லோடு என்பதே வரம்பு. அதை வைத்தே அங்கே விவசாயிகள் வேலை பார்க்கிறார்கள். தினமும் பத்துத் தடவை ஏற்றி இறக்கும் எங்களுக்குத் தொட்டியின் தளம் தாழ்வாக இருப்பது எஞ்சினைவிட முக்கியம்.

நான் பிடிவாதமாகக் கேட்டது ஒன்று: லோடு ஏற்றி ஓட்டிப் பார்ப்பேன். காலியாக ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உரக்கலவை மூட்டைகளைப் பாதி லோடு அளவுக்கு ஏற்றி ஒரு மேட்டில் ஏறினோம். கிளட்ச் வழுக்கியது, எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. உச்சிக்குப் போவதற்குள் வெப்பமானி முள்ளும் சிவப்பை நெருங்கிவிட்டது. அதே வண்டி காலியாக ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை! லோடு ஏற்ற ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் அடுத்த பேச்சே வேண்டாம் என்பது என் முடிவு.

சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும்.

டைல்ஸ் பதிப்பவர்:

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1419 என்றால் 2019இன் 14ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல் வரிகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்த டயரில் டைல்ஸ் ஏற்றக்கூடாது.

8க்கு 4 அடி பிளைவுட் ஏற்றுபவர்கள் தொட்டிக்குள் சக்கர மேடு இருந்தால் அவற்றின் இடைவெளியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

மெக்கானிக்:

நாற்றுப்பண்ணை அம்மா சொன்ன லோடு ஓட்டத்தை நானும் வழிமொழிகிறேன். முள் ஏறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

ஒன்று விட்டுப்போச்சு. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகும். லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். பட்டை வேலை செய்யும்போது கழற்றி அப்படியே விட்டுவிடுவார்கள்.

குழாய் வேலை செய்பவர்:

இப்போதுதான் கீழே படுத்துப் பார்த்தேன் அண்ணா. கம்பி இருக்கிறது, ஆனால் துருவேறி அசையவில்லை. நாளைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன்.

மெக்கானிக்:

மாற்றியதும் ஆளில்லாத இடத்தில் காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை அழுத்தி பிரேக் போட்டுப் பாருங்கள் தம்பி. காலி வண்டியில் முன்சக்கரம் லாக் ஆகும் முன்பே பின்சக்கரம் லாக் ஆனால் வால்வு செட்டிங் தப்பு, திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள்.