சிப்பத்துக்கு நாற்பது ரூபாய்: டெல்டா விசுவாசிகளின் அனுபவப் பகிர்வு

வெண்ணாற்றுப் பாசன விவசாயி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். உலகத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை என்ன செய்தோம் என்பதை அவரவர் எழுதுவோம் என்று பேசி இரண்டு வாரம் ஆகிறது. யாரும் தொடங்கவில்லை. சரி, நானே தொடங்குகிறேன். ஜெயித்த கதைகளை மட்டும் எழுத வேண்டாம். என்னுடையதே அப்படிப்பட்டதில்லை.

எனக்குப் பத்து மா நிலம். சம்பா அறுத்தால் 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாக, ஏறக்குறைய 150 தேறும். எங்கள் பக்கத்து அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40 ரூபாய் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கும் எழுதியிருக்காது, ரசீதும் கிடையாது. ஆக ஆறாயிரம் ரூபாய். பல வருடம் கொடுத்தேன். உரம், பூச்சிமருந்து, அறுப்பு மிஷின் வாடகை எல்லாவற்றோடும் சேர்த்து நோட்டில் 'இதர செலவு' என்று எழுதி வைப்பேன். அதே நோட்டின் பின்பக்கத்தில் தசமபாகக் கணக்கு, வருமானத்தில் கர்த்தருக்கென்று கொடுக்கிற பத்தில் ஒரு பங்கு, இருக்கும். ஒருநாள் என் மகள் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, தசமபாகம் இந்த ஆறாயிரத்தைக் கழிச்சுட்டா, கழிக்காமலா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. காமர்ஸ் படிக்கிற பெண், கணக்குத்தான் கேட்டாள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று வசன காலண்டரில் வந்தால் வியாபாரிகளை நினைத்துத் தலையாட்டுகிற ஆள் நான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

இந்தத் தை அறுப்பில் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பட்டியல் எழுத்தர் சண்டையெல்லாம் போடவில்லை. "அதனால என்னண்ணே, பாத்துக்கலாம்" என்று சிரித்தார். மறுநாள் ஈரப்பதம் 19 காட்டியது. 17க்குள் இருக்க வேண்டும். காயப்போட்டேன். அப்புறம் சாக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் லாரி வரவில்லை, அடுக்க இடமில்லை. எனக்குப் பின்னால் குவியல் போட்டவர்கள் எடை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒன்பதாம் நாள் ராத்திரி மழை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து அடிநெல் முளைவிட்டது. பதினொரு சிப்பம் அளவுக்குப் போயிற்று.

இதுவரை சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லிவிடலாம். இதற்கு மேல் சொல்வதுதான் சிரமம். மூட்டை தூக்குகிற ஒருவர், எங்களுக்கு அடுத்த தெரு, களத்துக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்: "நீங்க குடுக்காட்டி எழுத்தருக்கு ஒண்ணும் கொறஞ்சுடாதுங்க. அந்த நாப்பதுலதான் எங்களுக்கும் கொஞ்சம் வருது. குடுக்குற கூலிய வச்சு என்னத்தப் பண்றது?" அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும்.

கடைசியில், தூக்குகிறவர்கள் கையில், எழுத்தர் பார்க்க, எல்லார் முன்னாலும் சிப்பத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். பதின்மூன்றாம் நாள் எடை போட்டார்கள். இது கூலியா, லஞ்சத்துக்குத் தம்பியா? ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'ஆமென்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மன்னார்குடி சகோதரர்:

ஆமென். (மன்னிக்கவும் அண்ணே, கை பழகிவிட்டது.)

ஓய்வு பெற்ற டீச்சர், தரங்கம்பாடிப் பக்கம்:

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியவளுக்கு எங்கள் சபையிலேயே வரன் அமைந்தது. பையன் ஜெபக்கூட்டங்களில் பாடுவான். வரதட்சணை என்ற பேச்சே வேண்டாம் என்று அவர்களே முதலில் சொன்னார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆலயத்தில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்த ஞாயிறு சாயங்காலம் பையனின் அம்மா வீட்டுக்கு வந்தார். "நாங்க எதுவும் கேக்கல டீச்சர். நாலு பேரு பாப்பாங்கல்ல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க. முப்பது பவுன் போட்டா உங்களுக்குத்தான் மரியாதை." ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் 'கேக்கல' என்பதை மூன்று முறை சொன்னார்.

என் கணவர் அப்போது உயிரோடு இல்லை. பி.எஃப். பணம் வந்து வங்கியில் இருந்தது. போட்டிருக்க முடியும் என்பதுதான் விஷயம். இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது ஓலை வாசிக்கவே இல்லை. சபையில் ஓலை நின்றால் என்ன பேசுவார்கள் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். குறை எங்கள் பெண்ணிடம்தான் என்று நான்கே நாளில் முடிவாகிவிட்டது. என் சொந்த அண்ணன், "யேசு வந்து போடாதேன்னு சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு ஆறு மாதம் பேசவில்லை. அவளுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. அந்த மூன்று லெந்து காலமும் நான் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் பிள்ளைகளுக்கு 1706 ஜூலை 9, மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கினார், 1715 தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718 புது எருசலேம் ஆலயம் என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம். நானே பிரம்பு எடுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் இங்கே நான்கு மாதம் சிறையிருந்ததை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவோம். அடைத்தது தஞ்சாவூர் ராஜா இல்லை. அவரை அனுப்பிய டென்மார்க்கின் கோட்டைத் தளபதிதான், அதாவது அதே சபைக்காரர். கணவனை இழந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கடன் வழக்கில் அவளுக்காகத் திரும்பத் திரும்பப் பேசியதில் முற்றிய தகராறு அது. ஓலை நின்ற வருடம் அந்தக் கோட்டைச் சுவரோரம் நடக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் மற்ற மதத்துக்காரர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கும்பகோணம், பாத்திரக்கடை ஊழியர்:

என்னுடையது சின்னது. பத்தொன்பது வயதில் கடையில் சேர்ந்தேன். முதல் ஆயுத பூஜைக்கு முதலாளி சந்தனம், பொரிகடலை எல்லாம் தட்டில் வைத்து நீட்டினார். படைத்ததைத் தொட மாட்டேன் என்று எல்லாப் பையன்கள் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ராஜாவின் சாப்பாட்டைத் தொடாத வேதாகமத் தானியேல் என்று நினைப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பூஜை தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்து, "இது படைக்காததுடா, ஒனக்கு" என்றார். இருபத்திரண்டு வருடம் அப்படியே செய்தார். இப்போது அவர் இல்லை. படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. அந்தக் கையைக் கட்டிய விதம்தான் உறுத்துகிறது.

திருச்சி, சட்டக் கல்லூரி மாணவர்:

டீச்சர் சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது. பவுன் இல்லாமல் கல்யாணம் செய்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சாதி பார்க்காமல் செய்தவர்களை எங்கள் சபையில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. என் தாத்தா எந்தப் பக்கம் என்று சொன்னாலே என்னை யார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இது இன்று வந்ததும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர் சபையில் பெரிய எதிர்ப்பு. பலர் வெளியேறினார்கள். அதற்குச் சில வருடம் முன்பே, மிஷனரிகள் இந்த வழக்கங்களில் கைவைத்தபோது, நாம் பஜனையில் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். அவர் பாட்டை நானும் பாடுகிறேன். சினிமா பார்க்காதே, நகை போடாதே, பொட்டு வைக்காதே என்று 'உலகம்' எது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். "படிச்சு முடி தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்.

தஞ்சாவூர், கணக்கு எழுதுபவர்:

விவசாயி அண்ணனுக்கு. நெல் விஷயம் என்பதால் அந்தக் காலத்துத் தஞ்சாவூர் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞாபகம் வந்தது. ஹைதர் அலி படையெடுத்த காலம், 1781 வாக்கில். தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, வண்டி கட்டிக் கொண்டுவர ஆள் இல்லை. முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால் ஜனங்கள் ராஜாவையும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியையும் நம்பவில்லை. நான் பணம் தருகிறேன் என்று ஸ்வார்ட்ஸ் கடிதம் எழுதிய பிறகுதான் மாடுகள் கோட்டைக்குள் வந்தன. நம் ஆட்கள் நெல்லைக் கொடுத்தது அந்த ஒரு மனிதரின் சொல்லுக்கு. சொன்னபடி பணமும் கொடுத்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைப் பார்த்தபோது வழிச்செலவுக்கு ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். கம்பெனி அரசாங்க வேலையாகப் போனதால் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அரசாங்கத்திடமே ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். ஆக, பணம் கைமாறியது எல்லாருக்கும் தெரிந்தது. உங்கள் பத்து ரூபாயும் எல்லார் கண் முன்னாலும்தான் கைமாறியிருக்கிறது. அதனால் அது கூலிதான் என்பது என் கட்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: எடை போடுவதற்கு முன்னால் கொடுத்தீர்களா, பின்னாலா?

வெண்ணாற்றுப் பாசன விவசாயி:

முன்னால்.

நானும் அதைத்தான் மறைக்கப் பார்த்தேன் போல. கணக்கு எழுதுகிற ஆள் கண்ணில் பட்டுவிட்டது.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறேன். புரட்டாசியில் அறுப்பு. தூக்குகிறவர்களிடம் இப்போதே பேசிவிட்டேன்: எடை முடிந்து, பட்டியல் கையில் வந்த பிறகு, அதே பத்து ரூபாய். "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அடுத்த தெருக்காரர். இன்னும் இரண்டு தார்ப்பாய் வாங்கியிருக்கிறேன் என்றேன்.

நோட்டை இப்போது மகள்தான் எழுதுகிறாள். தை மாசக் கணக்கில் 'இதர செலவு' என்பதை அடித்துவிட்டு, 'தூக்கு கூலி, 139 சிப்பம், 1,390' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே பென்சிலால் 'முன்னால்' என்றும் போட்டிருக்கிறாள். தசமபாகத்தைக் கழிக்காமல்தான் கணக்குப் பண்ணியிருக்கிறாள்.