கன்சால்பேட்டையில் கணக்கெடுக்கப் போனோம், யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

சமூகப்பணி மாணவி:
வணக்கம். வேலூரில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு. களப்பணிக்காக ஆறு பேர் கன்சால்பேட்டையில் நிக்கல்சன் கால்வாய் ஓரத் தெருக்களுக்குப் போகிறோம். அந்தப் பகுதிக்கு என்ன வேண்டும் என்று மக்களோடு சேர்ந்து ஒரு திட்டம் எழுத வேண்டும். நாற்பது கேள்வி கொண்ட படிவம் வைத்திருக்கிறோம். இரண்டு சனிக்கிழமை காலை போயும் ஏழு வீடுதான் முடிந்தது. "போன வருஷமும் எழுதினு போனாங்கோ, இன்னா ஆச்சு?" என்று ஒரு அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

கால்வாய்க்கரை வீடு:
தங்கச்சி, நான் அந்தத் தெருக்காரிதான். முதலில் நேரத்தை மாற்றுங்கள். என் அம்மா மடியில் முறத்தை வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும்வரை நிமிர மாட்டார். இலையை வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாய் மடக்க வேண்டும். உங்களுக்குப் பதில் சொல்லும் நேரம் அவர் கூலியில் குறையும். பீடியைக் கடையில் போட்டுவிட்டு வந்த பிறகு, சாயங்காலம் போங்கள்.

படிவம் பையிலேயே இருக்கட்டும். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மேடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்தக் கறை இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. ஒரு வீட்டில் அளந்தால் பக்கத்து வீட்டில் "எங்க வூட்ல வந்து பாரு" என்று கூப்பிடுவார்கள். அப்புறம் தெருவிலேயே கோலமாவில் படம் போடுங்கள். குழாய், எரியாத விளக்கு, தண்ணீர் முதலில் ஏறும் சந்து எல்லாவற்றையும் பிள்ளைகளே திருத்துவார்கள்.

முன்பு வந்த ஒரு குழு எங்களுக்குப் பூங்கா வேண்டும் என்று எழுதிப் போனது. நாங்கள் கேட்டது மழைக்கு முன்னால் தூர் வாருவதும், இலையும் தூளும் பத்திரமாக வைக்க உயரத்தில் ஒரு பொது அறையும். கடையில் தந்த இலை அந்த வெள்ளத்தில் நனைந்ததற்கு அம்மாவின் கூலியில்தான் பிடித்தார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்:
இந்த அம்மா சொல்வது சரி. அளந்ததைப் பகுதி சபைக்குக் கொண்டு போங்கள். கிராம சபை போல, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் அந்தக் கூட்டம் உண்டு. தெருக்காரர்களே எழுந்து பேசட்டும், நீங்கள் கூட இருங்கள். 'தண்ணீர் வருகிறது' என்று எழுதினால் கோப்பு நகராது. எந்த வீடு, எத்தனை அடி, எந்தச் சிறுபாலத்தில் அடைப்பு என்று எழுதினால் செலவு மதிப்பீடு போடலாம். அரசின் 'நமக்கு நாமே' திட்டம் என்றால் பொதுவாக, செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை பீடிக் கூலியிலிருந்து கேட்காதீர்கள்.

சமூகப்பணி மாணவி:
நேற்று ஆறு மணிக்குப் போனோம். பன்னிரண்டு வீடு அளந்தோம். நாங்கள் ஒரு சந்து விட்டுவிட்டோம் என்று ஒரு சிறுமி கோலமாவில் போட்டுக் காட்டினாள். அங்கே மூன்று குடும்பங்கள் இருப்பதே எங்கள் பட்டியலில் இல்லை. அக்கா, உங்கள் அம்மாவைப் பார்க்க வரலாமா?

கால்வாய்க்கரை வீடு:
ஞாயிறு கடை லீவு. வாங்க. அளக்கும் டேப்பையும் எடுத்து வாங்க.