தோப்புகள் மனைப்பிரிவானால் ஓடையில் வெள்ளம் கூடுமா?

ஆயக்குடிவாசி: பழனி மலையடிவாரத்தில் கொய்யாத் தோப்புகள் மனைப்பிரிவுகளாகிவருகின்றன. மழை குறைந்த எங்கள் பகுதியில் இப்போது ஒரு மணி நேர மழைக்கே தெருவில் முழங்காலளவு நீர் நிற்கிறது. இதற்குக் கட்டடங்களா காரணம், மழையின் வேகமா?

நீரியல் மாணவர்: இரண்டும்தான் ஐயா, ஆனால் சிறு மழையில் கட்டடங்களின் பங்கே மிகுதி. பொறியாளர்கள் கையாளும் வளைவு எண் முறையில் (நிலத்துக்கு 100 வரை ஓர் எண் தருவார்கள்; எண் கூடக்கூட மழைநீர் மண்ணில் இறங்காமல் வழிந்தோடுவது கூடும்), எண் 70 கொண்ட நிலத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே வழிந்தோடும், எண் 98 கொண்ட சிமெண்ட் பரப்பில் அதே மழையில் 44 மி.மீ. ஓடிவிடும், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். 150 மி.மீ. கொட்டினால் வேறுபாடு இரண்டு மடங்காகச் சுருங்கும், ஏனெனில் அப்போது மண்ணும் நிரம்பிவிடுகிறது. தெருவை மூழ்கடிப்பது சிறு மழை என்பதை நம் அதிகாரிகள் ஏனோ பொருட்படுத்துவதில்லை.

தோட்டக்காரர்: இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வறண்ட நிலத்து ஓடைகளில் மணற்படுகையே நீரில் பெரும்பகுதியைக் குடித்து, கரையோரக் கிணறுகளுக்கு ஊற்றாகத் தரும். ஓடையின் அடியில் சிமெண்ட் தளம் போட்டால் வெள்ளம் விரைவாகக் கீழூருக்குப் போகும், கிணறு வற்றும்.

ஆயக்குடிவாசி: எங்கள் ஓடையிலும் தளம் போட்டிருக்கிறார்கள். அதைப் பெயர்க்கக் கேட்கலாமா?

நீரியல் மாணவர்: முதலில் கிராம வரைபடத்தை வாங்கி, குளத்துக்குச் செல்லும் வரத்து வாய்க்கால் மனைகளுக்குள் சிக்கியுள்ளதா என்று பாருங்கள்; அது அடைபட்டிருந்தால் தளத்தைப் பெயர்த்தும் தெருவில் நீர் நிற்கும்.