இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டது: மாஸ்டர் சிலிண்டரா, பிரேக் ஆயிலா?

மலைப்பாதை

வணக்கம். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சுமார் 12 கிலோமீட்டர் இறக்கம், உயரம் 800 மீட்டர் இருக்கும். பெரும்பாலும் நாலாவது கியர், சில இடங்களில் நியூட்ரல். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே வந்தேன். கடைசி வளைவுகளில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் தரை வரை போய்விட்டது. மூன்று முறை அடித்து மிதித்த பிறகு கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இரண்டாவது கியருக்கு வந்து, ஓரமாக நிறுத்தினேன். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அந்தப் பத்து விநாடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "குறை ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாம்" என்கிறார்கள். ஆயில் அளவு மேல் கோடு வரை இருக்கிறது, ஒழுகல் இல்லை. ஆயில் மாற்றி ஐந்து வருடம் ஆகிறது. பிரேக் பேட் தேயாமல் பாதிக்கு மேல் இருக்கிறது.

மாஸ்டரை மாற்றினால் தீருமா?

ஸ்பேனர்

தம்பி, இருபது வருஷமா இதே வேலைதான் பாக்கறேன். ஆயில் குறையல, ஒழுகல, ஆனா பெடல் உள்ள போகுதுன்னா அது மாஸ்டர் கிட்தான். உள்ள இருக்கற ரப்பர் வாஷர் தேஞ்சிருக்கும். நீங்க மிதிக்கறப்போ ஆயில் முன்னால போகாம வாஷரைத் தாண்டிப் பின்னால வந்துடும். வெளிய ஒரு சொட்டு தெரியாது. சூட்டுல இளகும், ஆறினா சரியாப் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி, மாத்திடுங்க.

அச்சாணி

ஸ்பேனர் அண்ணன் சொல்லும் நோய் உண்மையில் இருக்கிறது. ஆனால் இங்கே சொல்லப்பட்ட அறிகுறிகள் அதற்கு ஒத்துவரவில்லை.

மாஸ்டர் வாஷர் போனால் சிக்னலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். லேசாக மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். வண்டி குளிர்ந்திருந்தாலும் இறங்கும். ஒரு மணி நேரத்தில் தானாகக் குணமாகாது. இவருக்கு நடந்ததைப் பாருங்கள்: நீண்ட இறக்கம், கருகல் வாடை, திடீரென்று பெடல் காலி, ஆறியதும் சரி. இது பழைய ஆயில் கொதித்ததன் அடையாளம்.

பிரேக் முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. காலால் கொடுக்கும் விசையை பெடலின் நெம்புகோல் நாலைந்து மடங்கு பெருக்குகிறது, பூஸ்டர் அதற்கு மேலும் சேர்க்கிறது, மாஸ்டர் சிலிண்டர் அதை அழுத்தமாக்கிக் குழாயில் அனுப்புகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குறையாமல் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேருகிறது. நடுவில் எங்காவது கொஞ்சம் ஆவி உண்டானாலும் கதை மாறிவிடும். ஆவி சுருங்கும். உங்கள் கால் தள்ளியதெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், பேட் டிஸ்க்கை அழுத்தாது. அடித்து அடித்து மிதித்தபோது கொஞ்சம் பிடித்தது என்றாரே, அதுவும் இதோடு பொருந்துகிறது. ஒவ்வொரு மிதியிலும் ஆயில் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயில் உள்ளே போயிருக்கும்.

ஸ்பேனர்

சார், மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுக்குள்ள ஆயில் எப்படிக் கெட்டுப்போகும்? எட்டு வருஷம் ஆயிலே மாத்தாத வண்டியெல்லாம் என் கைக்கு வந்திருக்கு, நல்லாத்தான் பிரேக் பிடிக்குது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துன்னு புஸ்தகத்துல போடறது ஆயில் விக்கத்தான்னு நான் நினைக்கறேன். அப்புறம் இன்னொண்ணு. மாஸ்டர்ல ஆயில் போக ரெண்டு வழி தனித்தனியா இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தணும்னுதான் அப்படி வெச்சிருக்கான். ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிக் கொதிக்கும்?

அச்சாணி

இரண்டுமே நல்ல கேள்விகள்.

முதலில் டப்பா. டாட் 3, டாட் 4 என்ற தரங்களில் வரும் பிரேக் ஆயில்கள் கிளைக்கால் (glycol) வகையைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. மூடியில் காற்று போய்வர வழி உண்டு, ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல நுழையும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. நூறு பங்கில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபத்தைந்து, எழுபத்தைந்து டிகிரியைத் தின்றுவிடுகிறது.

சமதளத்தில் ஓடும் வண்டிக்கு அந்த 140 டிகிரியே போதும். எட்டு வருட ஆயிலோடு வந்த வண்டிகள் நன்றாகப் பிடித்தது அதனால்தான். அவை பரீட்சையே எழுதவில்லை.

இந்த வண்டி எழுதியது. ஆட்களும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ என்று வையுங்கள். 800 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 1 கோடியே 18 லட்சம் ஜூல். நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்க அது போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்கவில்லை என்றால் டிஸ்க்கும் டிரம்மும்தான் வாங்க வேண்டும். பேட்டின் சூடு பிஸ்டன் வழியாக நேரே காலிபருக்குள் (பேட்டால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) நிற்கும் ஆயிலுக்குப் போகிறது.

இரண்டு வழி விஷயம். பல கார்களில் குறுக்காகப் பிரித்திருப்பார்கள்: இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஆக ஒவ்வொரு வழியிலும் ஒரு முன் சக்கரம் இருக்கிறது. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது, ஏனென்றால் பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்கிறது. குழாய் உடைந்தால் இந்தப் பிரிவு காப்பாற்றும். இரண்டு முன் காலிபரும் அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டு வழியும் போகும்.

மலைப்பாதை, ஒரு விஷயம் யோசித்துச் சொல்லுங்கள். பெடல் முழுதாகப் போவதற்கு முன்பே ஏதாவது மாறியதா?

மலைப்பாதை

இப்போது நினைத்துப் பார்த்தால், ஆமாம். அதற்கு இரண்டு வளைவுக்கு முன்பு பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தது. என் கால் சோர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிக்கனம்

எல்லோரும் ஓட்டுநரைக் குறை சொல்லும் பக்கம் போகிறீர்கள். நான் வருடக்கணக்காக நியூட்ரலில்தான் இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சம், எஞ்சினுக்கு ஓய்வு. கியரில் பிடித்து இறக்கினால் கிளட்சும் கியர்பாக்ஸும் தேயும். பேட் எளிதில் மாற்றக்கூடிய பொருள், எஞ்சின் அப்படியா?

அச்சாணி

மன்னிக்கவும் சிக்கனம், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. உயிர் சம்பந்தப்பட்டது.

இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்பதைக் கண்ட்ரோல் யூனிட் உணர்ந்து எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எரிபொருள் குடித்தே ஆக வேண்டும். நீங்கள் மிச்சம் என்று நினைப்பது செலவு. கிளட்சைப் பாதி மிதித்து இழுத்தால்தான் தேயும். முழுதாக விட்ட கிளட்ச் இறக்கத்தில் தேய வேலையே இல்லை.

சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது அதைவிட மோசம். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சும் பாதையிலிருந்து வருகிறது, டீசலில் தனிப் பம்ப் கொடுக்கிறது. எஞ்சின் நின்றால் சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

சிக்கனம்

அணைத்துவிட்டு நான் இறங்கியதில்லை. எரிபொருள் நிற்கும் விஷயம் எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கியரில் பிடிப்பதற்குப் பதிலாக பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் சூடாகாதே? எங்கள் அப்பா அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

அச்சாணி

காலை வைத்தபடியே வருவதைவிட அது மேல். பேட் விலகி நிற்கும் நேரம் கிடைக்கிறது, பெடலில் மாற்றம் வந்தாலும் உடனே காலுக்குத் தெரியும். ஆனால் எப்படி மிதித்தாலும் 800 மீட்டர் 800 மீட்டர்தான். அதே வேகத்தில் இறங்கினால் பிரேக் வாங்க வேண்டிய சூடு ஏறக்குறைய மாறாது. அதைக் குறைக்க ஒரே வழி எஞ்சினிடம் ஒரு பங்கைக் கொடுப்பது. மேலே ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அந்தக் கியர். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஊர்சுற்றி

இடையில் ஒரு கேள்வி. ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் இது நடக்காதுதானே? இன்னொன்று, டாட் 5 ஊற்றினால் இன்னும் அதிகச் சூடு தாங்கும் என்கிறார்களே.

அச்சாணி

நடக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் ஏபிஎஸ் வேலை. அழுத்தமே காலிபருக்குப் போகாதபோது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

டாட் 5 சிலிக்கான் வகை. கிளைக்கால் ஆயில் இருக்கும் வண்டியில் தயவுசெய்து ஊற்றாதீர்கள், இரண்டும் கலக்காது. 5.1 என்பது வேறு, அது கிளைக்கால் வகைதான். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். எதுவானாலும் வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள்.

ஸ்பேனர்

தம்பி மலைப்பாதை, மாஸ்டரைப் பத்தி எனக்கும் அச்சாணி சாருக்கும் வாதம் இருக்கட்டும். நீங்க ஒரு சோதனை செய்யுங்க. எஞ்சின் ஓடட்டும், வண்டி சமதளத்துல நிக்கட்டும். பெடலை லேசா மிதிச்சு ரெண்டு நிமிஷம் அப்படியே பிடிங்க. அப்புறம் ஓங்கி மிதிச்சு இன்னொரு தடவை. இறங்குதான்னு பாருங்க.

இன்னொண்ணும் கேக்கணும். அன்னிக்கு வண்டி நின்னப்போ நாலு சக்கரமும் ஒரே மாதிரி சூடா இருந்துச்சா?

மலைப்பாதை

இன்று காலை செய்து பார்த்தேன் அண்ணே. இரண்டு முறையும் துளிகூட இறங்கவில்லை.

சூடு பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. இடது முன் சக்கரத்தின் பக்கம் போகவே முடியவில்லை, அனல் அடித்தது. வாடையும் அங்கிருந்துதான். வலது பக்கம் சூடுதான், ஆனால் அந்த அளவு இல்லை. கொஞ்ச நாளாகவே பிரேக் போட்டால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. டயர் காற்று என்று விட்டுவிட்டேன்.

ஸ்பேனர்

அப்போ நான் சொன்ன மாஸ்டர் இல்ல. அதை வாபஸ் வாங்கிக்கறேன், மாத்த வேண்டாம்.

ஆனா அச்சாணி சார், நீங்களும் ஆயிலோட நிறுத்திக்காதீங்க. அதே இறக்கத்துல அஞ்சு வருஷ ஆயிலோட எத்தனையோ வண்டி இறங்குது. இவர் வண்டி ஏன் மாட்டுச்சு? காலிபர் பின். காலிபர் ரெண்டு பின்னு மேல முன்னும் பின்னும் நகரணும். ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணி போனா கிரீஸ் காஞ்சு பின் இறுகிடும். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். சமதளத்துல மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், யாரும் கவனிக்க மாட்டாங்க. பேட் பாதிக்கு மேல இருக்குன்னீங்களே, வெளிப் பேட்டைப் பார்த்தீங்களா, உள் பேட்டையா? சக்கரத்துக்குள்ள எட்டிப் பார்த்தா தெரியறது வெளிப் பேட்தான். பின் இறுகினா பெரும்பாலும் உள் பேட் முதல்ல தேயும்.

அச்சாணி

இதை நான் கேட்டிருக்க வேண்டும். இடது காலிபர் இறக்கம் தொடங்கும் முன்பே சூடாக இருந்திருக்கிறது, அதனால் அந்த வழி முதலில் கொதித்தது. இரண்டு வளைவுக்கு முன்பு பெடல் கீழே போனது அப்போதுதான். பிறகு முழுப் பாரமும் வலது பக்கம் விழுந்து அதுவும் போயிருக்கிறது.

ஆனாலும் ஆயிலைக் குற்றத்திலிருந்து விடுவிக்க மாட்டேன். புது ஆயில் என்றால் அந்தப் பின் இறுகியிருந்தும் கீழே வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பேனர்

இருக்கலாம். ஆனா பின்னைச் சரிபார்க்காம ஆயில் மட்டும் மாத்தினா ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி இதே இடத்துல வந்து நிப்பார். அதுதான் என் கவலை.

மலைப்பாதை

இன்று நானே கூட நின்று பிரிக்கச் சொன்னேன். இடது காலிபரின் கீழ்ப் பின் கையால் அசையவே இல்லை, சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. துருப்பிடித்து, உறை கிழிந்திருந்தது. வெளிப் பேட் பாதி. உள் பேட் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. வலது பக்கம் இரண்டும் சமமாக இருந்தன. வடித்த ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது.

பின், உறை, இரண்டு பக்கமும் புதுப் பேட், புது டாட் 4, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தாயிற்று. டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறது. அதைக் கடைந்து போடலாமா, மாற்ற வேண்டுமா?

ஸ்பேனர்

முதல்ல தடிமன் அளந்து பாருங்க. டிஸ்க் ஓரத்துலயே குறைஞ்சபட்ச அளவு பொறிச்சிருக்கும். கடைஞ்ச பிறகு அதுக்குக் கீழ போகும்னா கடையாதீங்க. மாத்தினா ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க. கோடு கோடா மயிர் மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அளவே பாக்க வேண்டாம், உடனே மாத்திடுங்க தம்பி. புதுப் பேட் படியற வரைக்கும் மலைப்பக்கம் போகாதீங்க.