புதுப்பிப்பு: நியூயார்க் செல்லும் நண்டுச் சதைக் கண்டெய்னர்

அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 2024 அக்டோபர் 1 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியதும், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வழியாக அனுப்பிக் கொழும்பில் நின்றிருந்த எங்கள் கண்டெய்னரை மேற்குக் கரையிலுள்ள லாங் பீச் துறைமுகத்துக்குத் திருப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

திருப்பவில்லை. சேருமிடத்தை மாற்ற அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் உரிமைத் தாள்) மூன்றையும் கப்பல் நிறுவனத்திடம் திருப்பித் தர வேண்டும். அவையோ கூரியரில் வாங்குபவரின் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. டப்பாவில் அடைத்த நண்டுச் சதையை உறையவிடாமல் சுழியத்துக்குச் சற்று மேலேயே குளிரில் வைக்க வேண்டும் என்பதால், தாமதத்தை நினைத்துத் தூக்கம் கெட்டது உண்மை. ஆனால், செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் கப்பல் போய்ச் சேர எப்படியும் வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் வேலைநிறுத்தம் முடிந்துவிடலாம் என்பதை நான்தான் பதற்றத்தில் மறந்திருந்தேன்.

அக்டோபர் 3 அன்றே வேலைநிறுத்தம் நின்றது. தொழிலாளர்களின் பழைய ஒப்பந்தம் அப்போது 2025 ஜனவரி 15 வரைதான் நீட்டிக்கப்பட்டதால், 2024 டிசம்பர் சரக்குக்கு அசல் தாள்களைக் கப்பல் கொழும்பைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்தேன்.