மருமகனின் 60 கார்டு டெக்: நாம் வெட்டலாமா, அவனே வெட்டட்டுமா?

சிப்புட்_மாமா
என் அக்கா மகனுக்கு வயது 11. யூ-கி-ஓ கார்டு விளையாட்டு ஆட ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. இங்கே சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை மண்டபத்துத் திண்ணையில் பிள்ளைகள் கூடி ஆடுவார்கள். இவன் பத்து ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டு வந்து மைலோகூடக் குடிக்காமல் படுத்துவிட்டான். டெக்கை, அதாவது அவன் ஆடும் கார்டுக் கட்டை, எண்ணிப் பார்த்தேன்: 60 கார்டு. மான்ஸ்டர் 34, அதில் 19 லெவல் ஐந்தும் அதற்கு மேலும். ஸ்பெல் (மந்திரக் கார்டு) 15, அதில் 7 எக்விப் (மான்ஸ்டருக்கு மாட்டிவிடுவது). டிராப் (பொறிக் கார்டு) 11. பெரும்பாலும் எல்லாம் ஒவ்வொன்றுதான். ப்ளூ ஐஸ் ஒயிட் டிராகன் என்ற மான்ஸ்டர் ஒன்று இருக்கிறது, அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். எதை எடுக்கச் சொல்வது?

கார்டு_கணக்கன்
அண்ணே, முதல் வேலை, 60-ஐ 40 ஆக்குங்கள். விதிப்படி 40-க்குக் குறையக் கூடாது, 60-ஐத் தாண்டக் கூடாது. ஒரே கார்டு மூன்று வரை வைக்கலாம். புதுப் பையன்கள் எல்லோரும் 60 வரை அடைப்பார்கள், எதையும் விட மனசு வராது.

கணக்கைப் பாருங்கள். ஒரு திருப்பத்துக்கு ஒரு நார்மல் சம்மன்தான், அதாவது கையிலிருந்து ஒரு மான்ஸ்டரைக் களத்தில் இறக்குவது. லெவல் 5, 6 என்றால் களத்தில் இருக்கும் ஒன்றைப் பலி கொடுக்கணும், 7-ம் அதற்கு மேலும் என்றால் இரண்டு. அவனிடம் பலியில்லாமல் இறக்கக்கூடிய மான்ஸ்டர் 15தான். 60-ல் 15 என்றால், முதல் ஐந்து கார்டில் அப்படி ஒன்றுகூட வராமல் போக 22 விழுக்காடு வாய்ப்பு. 40-ல் 17 வைத்தால் அது 5 விழுக்காடு. அவன் ஆடத் தெரியாமல் தோற்கவில்லை, ஆட கார்டு வராமல் தோற்கிறான்.

எக்விப் ஏழையும் கழற்றுங்கள். மாட்டிய மான்ஸ்டர் செத்தால் எக்விப்பும் சேர்ந்து போகும், ஒரு அடியில் இரண்டு நட்டம். அப்புறம் ஒரே ஸ்ட்ரக்சர் டெக்கை (கடையில் பெட்டியாக விற்கும் தயார் டெக்) மூன்று பெட்டி வாங்கிக் கலந்துவிடுங்கள். வேலை முடிந்தது.

லயத்து_அக்கா
தம்பி, "வேலை முடிந்தது" என்று நானும் நினைத்தேன். என் மகனுக்கு மூன்று பெட்டி வாங்கி, யூடியூப் பார்த்து அடுக்கியும் கொடுத்தேன். அடுத்த வாரமே ஜெயித்தான். இரண்டு வாரத்தில் டெக் அலமாரிக்குள் போய்விட்டது. ஏன்டா என்றால், "அது உங்க டெக்மா" என்றான். மூன்று பெட்டிக்குப் போன காசு, எங்கள் வீட்டில் ஒரு வார மார்க்கெட் செலவு.

உங்கள் கணக்கு சரி. ஆனால் வெட்டுகிற கை யாருடையது?

கார்டு_கணக்கன்
அக்கா, மொட்டை உளியைக் கொடுத்து மரம் சீவச் சொல்லிவிட்டு, கை பழகவில்லை என்று சொல்வீர்களா? பத்துத் தோல்வி பாடமில்லை. பதினோராவதில் பையன் கார்டையே தூக்கிப் போடுவான்.

லயத்து_அக்கா
உளி தீட்டவும் அவனே பழகணும் தம்பி. எங்கப்பா தீட்டிக் கொடுத்ததே இல்லை.

ஈப்போ_பெஞ்ச்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்கக்காரன் போடும் டெக் பட்டியலை அப்படியே பார்த்து வாங்காதீர்கள். அவர்கள் ஆடுவது டிசிஜி, இங்கே ஓசிஜி; ஒரே ஆட்டத்தின் இரண்டு வகை. எந்தக் கார்டு வைக்கக் கூடாது என்ற தடைப் பட்டியலே வேறு. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கார்டு பாக்கெட்டுகளையும் கவனியுங்கள். திண்ணையில் ஆட எதுவும் ஆகும், போட்டிக்குப் போனால் போலி கார்டு செல்லாது. மற்றபடி உங்கள் சண்டையைத் தொடருங்கள்.

சிப்புட்_மாமா
பெட்டி வாங்குவதைத் தள்ளி வைக்கிறேன். ஆனால் சும்மா விட்டுவிடவும் மனசில்லை. நான் எதையும் தொடாமல் அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

லயத்து_அக்கா
ஒரு பழைய பள்ளி நோட்டு கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கையில் மாட்டிக்கொண்டு நின்ற கார்டின் பெயரை எழுதட்டும். மூன்று தடவை வந்த பெயரை அவனே எடுப்பான். நாம் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

கார்டு_கணக்கன்
நோட்டு நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நோட்டில் முதலில் விழப்போவது ப்ளூ ஐஸ். லெவல் 8, இரண்டு பலி. அதை எடுக்கச் சொன்னால் அழுவான், வைத்தால் தோற்பான். அதற்கு மட்டும் நான் வழி சொல்கிறேன்: கைபாமேன் என்ற மான்ஸ்டர். லெவல் 3, பலியில்லாமல் இறக்கலாம். இறக்கியதும் அதையே பலியாக்கி, கையில் உள்ள ப்ளூ ஐஸை அதே திருப்பத்தில் வரவழைக்கலாம். தாக்குதல் 3000, திண்ணையே அதிரும். ட்ரேட் இன் என்ற ஸ்பெல் கிடைத்தால் இன்னும் நல்லது. கையில் மாட்டிய லெவல் 8-ஐ வீசிவிட்டு இரண்டு கார்டு எடுக்கலாம். இதை நோட்டு சொல்லாது அக்கா, யாராவதுதான் சொல்லணும்.

லயத்து_அக்கா
சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அவன் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

சிப்புட்_மாமா
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. எக்விப் ஏழும் போயாச்சு, லெவல் 7, 8-ல் ஒன்பது போயாச்சு, டிராப்பில் ஒன்று. இப்போது 43. ப்ளூ ஐஸ் மட்டும் நகரவில்லை. நேற்று ராத்திரி சோறு சாப்பிடும்போது, "மாமா, இதைச் சீக்கிரம் இறக்க ஏதாவது கார்டு இருக்கா?" என்று அவனாகவே கேட்டான். கைபாமேனைச் சொன்னேன். எடுத்த பதினேழையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைத்திருக்கிறான், தோற்றால் திரும்பச் சேர்ப்பானாம். இந்தச் சனிக்கிழமை ஆட்டம்.

கார்டு_கணக்கன்
43-ஆ? இன்னும் மூன்று அண்ணே.

லயத்து_அக்கா
தம்பி.